வாசற்படியில் நிற்கும் விருந்தாளி

நூல்களைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும், தாம் படித்ததில் பெருமை கொள்ளும் நூல்களைப் பற்றியே பேசுவார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ, படித்ததாக வெளியே சொல்லிக்கொள்ளப் பலரும் கூசுகின்ற ஒரு வகை நூல்களை. இரத்தம் குடிக்கும் பேய்க்கும் மானிடப் பெண்ணுக்கும் காதல் உண்டாவதாக எழுதப்படும் ஆங்கில நாவல்களையே சொல்கிறேன். அவற்றை நான் ஆராய்ச்சிக்காகப் படிக்கவில்லை, வாசகியாகவே படித்தேன். ஆதலால் என் கருத்துக்களையும் ஒரு வாசகியின் கருத்துக்களாகவே ஏற்றுக்கொள்ளுமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

2009-ஆம் ஆண்டில் நாங்கள் தில்லியில் இருந்தோம். என் அண்ணன் மகள் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துவந்தாள். தேர்வுக்கு மூன்று வாரங்களே இருந்தன. ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிவதைக் கண்டு, பெண் கண்விழித்துப் படிக்கிறாளே என்று மகிழ்ந்து, ஒரு தம்ளர் பாலுடன் உள்ளே சென்றேன். பொருளாதாரப் புத்தகத்தின் நடுவே கறுப்பு அட்டை போட்ட வேறொரு புத்தகம் இருந்தது. அட்டையில் வெளிறிய இரு கைகள் ஒரு சிவந்த ஆப்பிளை ஏந்திக்கொண்டிருந்தன. ஸ்டெஃபனி மேயர் என்னும் அமெரிக்க ஆசிரியை எழுதிய 'ட்வைலைட்' என்ற நாவல் அது. "தேர்வு முடிந்ததும் தருகிறேன்" என்று சொல்லி அதை வாங்கி, என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பூட்டியவள் அதோடு நின்றிருக்கலாம். இந்தப் பெண் ஒளித்துவைத்துப் படிக்கும்படி இதில் என்னதான் இருக்கிறது என்று மறுநாள் பிற்பகல் எடுத்துப் புரட்டினேன். அன்று மாலை அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துப் போயிற்று என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

ட்வைலைட் 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்க்ஸ் என்று ஒரு சிற்றூர். மழைக்குப் பெயர்போன ஊர். வானம் மூடியே கிடக்கும். வெயில் காயும் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து, தன் தந்தையோடு வாழ அங்கே வந்து சேர்கிறாள் பெல்லா என்னும் பதினேழு வயதுப் பெண். பள்ளியில் எட்வர்ட் என்பவனைக் காண்கிறாள். தோற்றத்தில் அவனுக்கும் வயது பதினேழுதான். ஆனால் அவன் பிறந்தது 1901-இல். 1918-இல் உலகெங்கும் பரவிய இன்புளூயன்ஸாக் காய்ச்சலில் அவன் சாகக் கிடந்தபோது, இரத்தம் குடிக்கும் இனத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர் அவனைத் தம் இனத்தவனாக மாற்றிவிட்டார். அம்மருத்துவரின் குடும்பம் மனித இரத்தத்தைத் தொடுவதில்லை என்று விரதம் பூண்டு, காட்டு விலங்குகளின் இரத்தத்தால் உயிர் வாழ்கிறது. பெல்லாவின் இரத்தத்தின் மணமோ எட்வர்டை வேறு எவருடைய மணமும் இழுக்காதவாறு இழுக்கிறது. அவளைக் கொல்லவும் வேட்கை, காக்கவும் வேட்கை. இவ்விரண்டுக்கும் இடையே அவன் படும் பாடே கதை. நான்கு பாகங்களாக விரிந்த இத்தொடர் உலகமெங்கும் பத்துக் கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

படித்து முடித்தபோது என் மனம் இருவகைப்பட்டது. கதை என்னைப் பிடித்துக்கொண்டது என்பதை மறைப்பதற்கில்லை. அதே சமயம் அடக்கமாட்டாத சினமும் உண்டாயிற்று. எட்வர்ட் இரவுதோறும் பெல்லாவின் அறைக்குள் அவள் அறியாமல் நுழைந்து, அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னர் இதை அறிந்த பெல்லா வெகுண்டெழவில்லை. உள்ளூரப் பெருமையே கொள்கிறாள். நம் வீட்டுப் பெண் இதைப் படித்து, அச்சுறுத்தலையே அன்பு என்று எண்ணிவிட்டால் என்ன ஆவது? இந்தக் கவலைதான் இவ்வகைக் கதைகளின் பழைய ஊற்றைத் தேடிச் செல்லுமாறு என்னைத் தூண்டியது.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வாம்பயர் என்னும் சொல்லை நாம் இரத்தக் காட்டேரி என்று தமிழாக்குகிறோம். ஆனால் நம் நாட்டுப்புறத்துக் காட்டேரி, மக்கள் அஞ்சினாலும் படையலிட்டு வணங்குகின்ற தெய்வமும் ஆகும். 1870-இல் ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் நம் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளில் சிலவற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது, வேதாளத்தை வாம்பயர் என்று பெயரிட்டார். நமது வேதாளமோ பிணத்துள் புகுந்துகொண்டு கதை சொல்லிப் புதிர் போடுவது. அரசனின் அறிவைச் சோதிப்பதே அதன் வேலை. ஆகவே இரண்டு பெயர்களும் முற்றும் பொருந்தா. நான் வாம்பயர் என்ற பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

ஐரோப்பாவின் கிழக்குப் பகுதிக் கிராமங்களில் இருந்த பழைய நம்பிக்கையில் காதலுக்குச் சிறிதும் இடமில்லை. புதைத்த பிணத்தைச் சில வாரங்கள் கழித்துத் தோண்டிப் பார்த்தால், உடல் உப்பியிருக்கும். வாயோரத்தில் செந்நீர் கசிந்திருக்கும். உடல் அழுகும்போது உள்ளே உண்டாகும் வாயுவால் இவை நேர்கின்றன என்று இன்று அறிவோம். அக்காலத்து மக்கள், செத்தவன் எழுந்துபோய் உயிரோடிருப்பவர்களின் இரத்தத்தைக் குடித்து வந்திருக்கிறான் என்று நம்பினார்கள். பிணங்களைத் தோண்டி எடுத்து எரிக்கும் வழக்கம் மிகுந்துபோகவே, ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா தம் மருத்துவர் வான் ஸ்வீட்டனைக் கொண்டு ஆராயச் செய்து, 1755-இல் அதைத் தடுத்துச் சட்டம் இயற்றினார். அந்தக் கிராமத்து வாம்பயர் குடியானவன், அழகன் அல்லன், தன் சொந்தச் சுற்றத்தாரையே தேடி வருபவன்.

அவனைப் பிரபுவாக்கியது ஒரு மழைக்காலம். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய புழுதி வானத்தை மறைக்க, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமற் போயிற்று. 1816-இல் ஜினீவா ஏரிக்கரை மாளிகை ஒன்றில் கவிஞர் பைரன் தங்கியிருந்தார். ஷெல்லியும், பின்னாளில் அவருக்கு மனைவியான மேரியும் அருகே இருந்தார்கள். வெளியே செல்ல முடியாத மழையில், ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவது என்று பேசிக்கொண்டார்கள். மேரி எழுதத் தொடங்கியது 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆயிற்று. பைரனின் மருத்துவராக உடன் இருந்த ஜான் பொலிடோரி என்ற இளைஞர் எழுதிய 'தி வாம்பயர்' 1819-இல் பத்திரிகையில் வெளிவந்தது. அதுவும் பைரன் எழுதியதாகப் பெயர் போட்டு வெளிவந்தது. பொலிடோரி இரண்டாண்டுகளுக்குப் பின் 25-ஆம் வயதில் இறந்தார்.

அவர் படைத்த ரத்வென் பிரபு லண்டன் சீமான்களின் விருந்துகளில் உலவுபவன். அவன் உண்மை இயல்பை அறிந்த ஆப்ரே என்ற இளைஞனிடம், ஓராண்டும் ஒரு நாளும் எவரிடமும் எதுவும் சொல்லுவதில்லை என்று அவன் சத்தியம் வாங்கிவிடுகிறான். அந்தத் தவணைக்குள் ஆப்ரேயின் தங்கையையே மணந்துகொள்கிறான். சத்தியத்தால் வாய் கட்டுண்ட அண்ணன் பேச முடியாமல் நோயுற்று மடிகிறான். தங்கையும் மணமான கையோடு இரத்தம் உறிஞ்சப்பட்டு மடிகிறாள். உண்மையை அறிந்தவர் வாய் திறக்காத வீட்டுக்குள்தான் அழிவு மாப்பிள்ளைக் கோலத்தில் வருகிறது. இவ்வளவு சிறிய கதை இவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லுமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்போது இதைக் கதை என்றே நினைத்தேன். என் வீட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று தோன்றவில்லை.

அடுத்து நான் படித்தது அயர்லாந்துக்காரரான ஷெரிடன் லெ ஃபானு 1872-இல் நூலாக வெளியிட்ட 'கார்மில்லா'. ஆஸ்திரியாவின் ஸ்டிரியா நாட்டில், காட்டு நடுவே ஒரு பழைய கோட்டை. தந்தையோடு அங்கே தனித்து வாழ்கிறாள் லாரா என்னும் இளம்பெண். கோட்டைக்கு அருகில் ஒரு வண்டி குடைசாய்கிறது. அதில் வந்த கார்மில்லா என்ற பெண்ணைத் தங்கள் வீட்டில் தங்க அனுமதிக்கவேண்டும் என்று தந்தையிடம் கெஞ்சுபவள் லாராவேதான். தோழியின்றி ஏங்கிய பெண் அவள். வந்தவள் அன்பைப் பொழிகிறாள். பொழிந்த அளவுக்கு லாராவின் உடல் மெலிகிறது. கார்மில்லாவின் அன்பு நடிப்பு என்று ஆசிரியர் சொல்லவில்லை. அது உயிரைக் குடிக்கும் அன்பு என்றுதான் காட்டுகிறார். இறுதியில் கார்மில்லா அழிக்கப்பட்ட பின்னரும், ஆண்டுகள் கழிந்த பின்னரும், கூடத்து வாயிலில் அவளுடைய மெல்லிய காலடி ஓசை கேட்பதுபோல் லாராவுக்குத் தோன்றுவதுண்டு. அது அச்சமா, ஏக்கமா என்று லாராவாலும் பிரித்துச் சொல்ல முடியாது. காட்டேரிக் காதல் கதைகளில் ஒன்றே ஒன்றைப் படிக்க நேரமுள்ளவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்தச் சிறு நூலைத்தான்.

பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897-இல் வெளிவந்த 'டிராகுலா'வைப் பற்றி அறியாதவர் இல்லை. ஆனால் படம் பார்த்து அறிந்தவர்களே மிகுதி. நூலைப் படித்தால், அதில் டிராகுலாவுக்கும் மீனாவுக்கும் காதல் என்பதே கிடையாது. அந்தக் காதல் பிற்காலத்தில் திரைப்படக்காரர்கள் சேர்த்தது. 1992-இல் வந்த படம் அதைப் பெரிதாக்கிற்று. ஸ்டோக்கர் காட்டும் டிராகுலா அன்பற்றவன், கிழவன், ஊனைத் தேடி ஊர் கடந்து வருபவன். அந்நூலில் என்னைக் கவர்ந்தது காதல் அன்று, ஒரு விதி. வீட்டிலுள்ள ஒருவர் வா என்று அழைத்தாலன்றி வாம்பயர் அந்த வீட்டுக்குள் முதன்முறையாக நுழைய முடியாது. அழைத்துவிட்டால் பிறகு வேண்டும்போதெல்லாம் வரலாம். டிராகுலாவே தன் கோட்டைக்கு விருந்தாளி வரும்போது, அவன் தன் விருப்பத்தால் வாசற்படியைத் தாண்டவேண்டும் என்று காத்து நிற்கிறான். பின்னர் லண்டனில், மீனா தங்கியிருக்கும் மனநோய் விடுதிக்குள் அவனை அழைத்துக்கொள்பவன் ரென்ஃபீல்ட் என்னும் நோயாளி. ஆயிரமாயிரம் எலிகளைத் தருவதாக ஆசை காட்டவே அவன் அழைத்துவிடுகிறான். அழைத்தவன் ஒருவன், கழுத்தைக் கொடுத்தவள் மற்றொருத்தி.

இந்த விதியைக் கண்டபோது, இவ்வகைக் கதைகளை அளக்க எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. வாசற்படியில் நின்றவனை அழைத்தது யார்? வந்தவன் இன்னான் என்று அறிந்து அழைத்தார்களா, அறியாமல் அழைத்தார்களா? அந்த அழைப்புக்கு விலை கொடுத்தவர் யார்? நல்ல காட்டேரிக் கதை இக்கேள்விகளை மறப்பதில்லை. மட்டமான கதை அவற்றை மறைத்துவிட்டு, வந்தவனுடைய கண்ணழகையும் தோளழகையும் நூறு பக்கம் வருணிக்கிறது.

விலை என்று சொன்னேன். அதை மிக உணர்ந்து எழுதியவர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த ஆன் ரைஸ். அவர் 2021-இல் மறைந்தார். அவருடைய 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' 1976-இல் வெளிவந்தது. அதில் கிளாடியா என்று ஒரு குழந்தை. சாகக் கிடந்த ஐந்து வயதுக் குழந்தையை, லூயி, லெஸ்டாட் என்ற இருவர் தம் இனமாக மாற்றிவிடுகிறார்கள். அவளுக்குச் சாவில்லை. ஆனால் வளர்ச்சியும் இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மனம் முதிர்ந்த பெண்ணாகிறது. உடலோ பொம்மைபோல் அப்படியே நிற்கிறது. தன்னை இப்படிச் செய்தவர்களை அவள் அன்போடும் வெறுப்போடும் பார்க்கும் பார்வையை மறக்க முடியாது. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பதில் சொல்லும் வயதும் அவளுக்கு இல்லை. இந்நூலை எழுதுவதற்குச் சிறிது காலம் முன்பு, 1972-இல், ஆசிரியையின் சொந்த மகள் ஆறு வயது நிறைவதற்குள் இரத்தப் புற்றுநோயால் இறந்திருந்தாள். இதை அறிந்த பிறகு அந்தப் பக்கங்களை மறுபடி படித்தேன். குழந்தையைச் சாகவிடாமல் பிடித்து நிறுத்தவேண்டும் என்று எந்தத் தாய்தான் விரும்பமாட்டாள்? விரும்பியது கிடைத்தால் அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதையும் அந்தத் தாயே எழுதினாள். இரத்தம் என்ற சொல் அந்நூலில் வெறும் அலங்காரமன்று.

இனி இந்த நூற்றாண்டுக்கு வருவோம். 2001-இல் சார்லேன் ஹாரிஸ் என்ற ஆசிரியை ஒரு தொடரைத் தொடங்கி, 2013-இல் பதின்மூன்றாம் நாவலோடு முடித்தார். லூயிசியானாவில் ஒரு சிறிய ஊரின் மதுக்கடையில் பரிமாறும் சூக்கி என்ற பெண் அதன் கதாநாயகி. பிறர் மனத்தில் ஓடும் எண்ணமெல்லாம் அவள் காதில் விழும். வரமாகத் தோன்றும் இது அவளுக்குப் பெருஞ்சாபம். எந்த ஆணோடு உட்கார்ந்தாலும் அவன் நினைப்பது கேட்டுவிடும். பிறகு எங்கே காதல்? பில் என்ற வாம்பயர் அக்கடைக்கு வருகிறான். அவன் மனம் அவளுக்குக் கேட்பதில்லை. அந்த நிசப்தத்துக்காகவே அவனை விரும்புகிறாள். காதலுக்கு இவ்வளவு புதுமையான காரணத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. நகைச்சுவையும் இரக்கமும் கலந்த கற்பனை அது. ஆனால் சில நாவல்களுக்குப் பின் ஓர் உண்மை வெளிப்படுகிறது. அவனை அவளிடம் அனுப்பியவள் அவர்கள் இனத்து அரசி. சூக்கியின் ஆற்றலைத் தமக்குப் பயன்படுத்திக்கொள்ளவே அவன் வந்தான். அவள் நிம்மதி என்று எண்ணிய அந்த நிசப்தத்தில்தான் பொய் ஒளிந்திருந்தது. அவள் கொடுத்த அழைப்பு, ஏமாற்றிப் பெற்ற அழைப்பு. அதை அவள் எளிதில் மன்னிப்பதில்லை. தொடரின் முடிவில் வாம்பயராக மாறாமல் மனுஷியாகவே இருந்துவிடுகிறாள். இம்முடிவால் வாசகர் பலர் சினம் கொண்டார்கள். எனக்கு அது நேர்மையான முடிவு என்றே பட்டது.

இந்தப் படிப்புக்குப் பின் மீண்டும் ட்வைலைட்டுக்கு வந்தேன். வாம்பயர் கதை எழுதும் ஒவ்வொருவரும் பழைய விதிகளில் சிலவற்றைத் தள்ளிச் சிலவற்றைச் சேர்ப்பது வழக்கம். ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் வலிமை குன்றினாலும் தெருவில் நடமாடுவான். வெயில் பட்டால் வாம்பயர் அழிந்துபோவான் என்பது 1922-இல் ஜெர்மனியில் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்னும் மௌனப் படத்தால் பரவியது. மேயரின் வாம்பயர்கள் வெயிலில் அழிவதில்லை, வைரம்போல் மின்னுகிறார்கள். இதைப் பலர் எள்ளி நகையாடினார்கள். நான் நகையாடமாட்டேன், விதியை மாற்றுவது கதை எழுதுபவரின் உரிமை. ஆனால் எந்த விதியை அவர் தள்ளிவிட்டார் என்பதையும் கவனிக்கவேண்டும் அல்லவா? அழைப்பின்றி உள்ளே நுழையலாகாது என்ற விதி மேயரின் கதையில் இல்லை. வாம்பயரைப் பற்றிய விதிகள் பலவற்றுள்ளும் மனிதரைக் காப்பதற்கென்றே ஏற்பட்டது அது. அது போனதால்தான் எட்வர்ட் சன்னல் வழியே வர முடிகிறது.

2007-இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில், பெல்லா தன் நண்பன் ஜேக்கப்பைக் காணப் போகலாகாது என்பதற்காக, அவள் வண்டியின் பொறியில் ஓர் உறுப்பையே எட்வர்ட் கழற்றிவிடுகிறான். பின்னர் அவன் தன் பிழையை உணர்ந்து அவளைப் போகவிடுகிறான் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். 2008-இல் வந்த நான்காம் பாகத்தில் பெல்லாவும் வாம்பயராக மாறுகிறாள். புதிதாக மாறியவர்கள் நெடுங்காலம் இரத்த வெறியில் அலைவார்கள் என்று மூன்று பாகங்களாக நம்மை அச்சுறுத்தியவர், பெல்லாவுக்கு மட்டும் அந்த வெறியைத் தரவில்லை. கணவன் இருக்கிறான், குழந்தை இருக்கிறது, தந்தையையும் இழக்கவில்லை, அழகும் கூடிவிட்டது. விலையே கொடுக்காமல் அமரத்துவம் வாங்கியாயிற்று. கிளாடியாவைப் படித்த பிறகு இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயினும் ஒன்றைப் பாராட்டவேண்டும். தன் வலிமையைக் கண்டு தானே அஞ்சி, அதை அடக்கிக்கொள்ளுபவனைக் காதலனாகக் காட்டியது சிறிய செயலன்று. வலிமையைக் காட்டிப் பெண்ணை அடைபவனே வீரன் என்று எழுதிக் குவித்த கதைகள் எத்தனையோ உண்டு.

நேயர்களே, இதுவரை சொன்னது நூல்களிலிருந்து நான் கற்றது. இனிச் சொல்லப்போவது என் அண்ணன் மகளிடமிருந்து கற்றது.

தேர்வு முடிந்ததும் அவள் புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். மறு ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, இருவரும் சமையலறையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். நானும் அந்த நூல்களைப் படித்துவிட்டேன் என்று சொன்னதும் அவள் முகத்தில் தோன்றிய வியப்பை இன்றும் காண்கிறேன். "அவள் வண்டியின் பொறியையே கழற்றிவைத்தானே, அதுவும் அன்புதானா?" என்று கேட்டேன். கேட்டபோது என் குரலில் வெற்றி தொனித்திருக்கவேண்டும்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இடம் எனக்கும் பிடிக்கவில்லை, அத்தை. அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன், இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன்" என்றாள். அதன் பின் அவள் சொன்னது இது: "ஆனால் கதையில் வருகிறவன் எவ்வளவு பொல்லாதவனாக இருந்தாலும் அவளைக் கொல்லமாட்டான் என்று எனக்குத் தெரியும். அதனால் பயமில்லாமல் பயந்து பார்க்கலாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து என் பின்னாலேயே வருகிறானே ஒருவன், அவனைப் பற்றி எனக்கு அப்படித் தெரியாதே."

என் கையிலிருந்த பட்டாணி அப்படியே நின்றது. மூன்று வாரங்களாக ஒருவன் அவளைத் தொடர்ந்து வந்திருக்கிறான். நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு வரையிலுள்ள சந்தில் விளக்குகள் எரிவதில்லை. அந்த வழியை அவள் நாள்தோறும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்து வந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் கல்லூரியிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவீர்களோ என்று நினைத்தேன்" என்றாள்.

ஒரு புத்தகத்தைக் கண்டதும் பிடுங்கிப் பூட்டியவளிடம் அவள் வேறு எப்படி நினைப்பாள்? ஆப்ரேயின் வாயைக் கட்டியது ரத்வென் வாங்கிய சத்தியம். இந்தப் பெண்ணின் வாயைக் கட்டியவள் நான். கெடுதல் எந்தப் பக்கத்திலிருந்து வருமென்று எண்ணி அலமாரியைப் பூட்டினேனோ, அந்தப் பக்கத்திலிருந்து அது வரவில்லை. மறுநாள் முதல் என் கணவரோ நானோ நிறுத்தத்தில் போய் நின்றோம். முதல் நாள் அந்த மனிதனைக் கண்டேன். பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான ஆள். கையில் ஒரு சாப்பாட்டுப் பை இருந்தது. என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பி நடந்தான். அதற்குப் பின் அவன் வரவில்லை. அவள் ஒருநாளும் கல்லூரிக்குப் போகாமல் இருக்கவில்லை. படிப்பை முடித்து இன்று வேலையிலும் இருக்கிறாள்.

ஆகவே, இவ்வகை நாவல்கள் இளம்பெண்களைக் கெடுக்குமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் இப்போது வேறு விதமாகவே பதில் சொல்கிறேன். தன்னைவிட வலியவன் ஒருவனோடு வாழ்வது எப்படி, அவனை நம்புவது எப்படி, எங்கே நம்பலாகாது என்னும் கேள்விகள் நம் பெண்களுக்குக் கதையிலிருந்து வருபவை அல்ல. தெருவிலும் பேருந்திலும், சில சமயம் வீட்டுக்குள்ளுமே அவர்கள் அக்கேள்விகளைச் சந்திக்கிறார்கள். கதை அவற்றை எண்ணிப் பார்க்க ஓர் இடம் தருகிறது. அந்த இடத்தை அமைப்பதில் சில ஆசிரியர்கள் நேர்மையாக இருக்கிறார்கள். சிலர் இனிப்புப் பூசிவிடுகிறார்கள். எது எப்படி என்று கண்டுகொள்ளும் அறிவு படிப்பவர்களுக்கு இருக்கிறது. பிடிக்காத பக்கத்தில் புத்தகத்தை மூடிவைக்க அந்தப் பெண்ணுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது.

பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கறுப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்றை ஒளித்துவைத்துப் படிப்பதைக் கண்டால், பூட்டிவைக்காதீர்கள். நீங்களும் வாங்கிப் படியுங்கள். பிறகு கதையில் யார் யாரை அழைத்தார், அறிந்து அழைத்தாரா, விலையை யார் கொடுத்தார் என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் கதையைத் தவிர வேறு சில செய்திகளும் இருக்கக்கூடும். கேட்கும்போது கையில் ஏதேனும் வேலை இருப்பது நல்லது. முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டால் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். பட்டாணி உரிப்பது இதற்கு மிகவும் ஏற்றது என்பது என் அனுபவம்.

சென்ற மாதம் அவள் இங்கே வந்திருந்தாள். ஊருக்குப் புறப்படும்போது என் அலமாரியிலிருந்து கார்மில்லாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அலமாரி பூட்டியிருக்கவில்லை.